வீட்டுச் சந்திப்பில் தற்கொலை ஆபத்தைக் கணிப்பது எப்படி?

முதலில் தனிமை: பார்க்கப் போனவரோடு தனியாகப் பேசுங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் உண்மை வெளிவராது. "உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

"ஆமாம்" என்றால் மேலும் கேளுங்கள்: திட்டம் உண்டா, அதற்கான பொருள் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, குடிப்பழக்கம் உண்டா. திட்டமும் பொருளும் சேர்ந்திருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள், அவசரமென்றால் 108.

பூச்சிமருந்தை ஒளித்துவைப்பது போதாது, வீட்டை விட்டே அகற்றுங்கள். மாத்திரைகள் இன்னொருவர் பொறுப்பில், ஒரு வார அளவு மட்டும். சத்தியம் வாங்குவது வீண்வேலை. அதைவிட, மனம் கனக்கும்போது யாரை அழைப்பது என்று அவர் கையாலேயே எழுதவையுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டனை இல்லை.

கணிப்பு அன்றைய நிலவரம் மட்டுமே. மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரத்திலேயே மறுபடி போய்ப் பாருங்கள்.