ரூலெட் மேசையில் கணக்குப் போட்டுப் பணம் கொடுப்பது எப்படி? புதிதாக டீலர் வேலைக்கு வருபவர்களுக்கு

சிங்கப்பூரில் 2010-இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் கேசினோக்கள் திறந்ததிலிருந்து, டீலர் வேலை பற்றி நம் ஆட்கள் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். உரிமம், வயது போன்ற விவரங்களை வேலைக்கு எடுப்பவர்களே சொல்லிவிடுவார்கள். சீட்டாட்ட மேசைகளும் பழகப் பழக வந்துவிடும். ஆளைத் திணறடிப்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்தான், அதிலும் பந்து விழுந்த பிறகு பணம் கொடுக்கும் கட்டம். எனக்குப் பிடிபட நாளானதும் அதுதான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கை

வீட்டில் பழகுவதற்குச் சிப் (மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டு) வாங்கும்போது பொம்மைக் கடை பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். 10 கிராம் அளவுக்காவது எடை இருந்தால்தான் கையில் நிற்கும். ஓர் அடுக்கு என்றால் 20 சிப். அடுக்கை மேலிருந்து பிடித்து, அடியில் இருக்கும் ஐந்தை மட்டும் மேசையில் விடுங்கள். கையை நகர்த்தி அடுத்த ஐந்தை விட்டு, முதல் குவியலோடு உரசிப் பாருங்கள். உயரம் ஒன்றாக இருந்தால் சரி. எண்ணவே கூடாது, விரல்தான் சொல்ல வேண்டும். இரண்டு கைகளுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

இனி கணக்கு

ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 எண்கள். எண்ணின் மேலேயே சிப் இருந்தால் (ஸ்ட்ரெய்ட் அப்) 35 மடங்கு. இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் இருந்தால் (ஸ்ப்ளிட்) 17. மூன்று எண் வரிசைக்கு (ஸ்ட்ரீட்) 11, நான்கு எண்கள் கூடும் மூலைக்கு (கார்னர்) 8, இரண்டு வரிசைகளுக்குச் சேர்த்து (சிக்ஸ் லைன்) 5. 37 எண்கள் இருக்க, வைத்த சிப்போடு சேர்த்தாலும் 36 தான் தருகிறோம் என்பதைக் கவனியுங்கள். கேசினோவின் 2.7 சதவீத லாபம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இந்த வேலைக்கு வருபவர்கள் இதை மறக்காமல் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரும் ஆசை வராது.

நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு 16-ஓடு முடிந்துபோனது. இங்கே முதல் தேவையே 17. 17, 34, 51, 68, 85, 102 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். அப்புறம் 35-ம் 8-ம்.

ஆனால் வாய்ப்பாடு மட்டும் போதாது. வெற்றி எண்ணின் மேல் டாலியை (அந்த எண்ணைக் காட்டும் அடையாளக் கட்டையை) வைத்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஆட்டக்காரரின் ஒரே நிறச் சிப்புகள் அதைச் சுற்றி எங்கெங்கோ இருக்கும். ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டினால் பாதியில் மறந்துபோகும். அதைப் படமாகப் பார்க்க வேண்டும். திறவுகோல் இதுதான்: ஒரு ஸ்ப்ளிட்டும் ஒரு கார்னரும் சேர்ந்தால் 25. இரண்டு ஜோடி 50, நான்கு ஜோடி 100. 17 போல் கட்டங்களின் நடுவில் இருக்கும் எண்ணில் நாலு பக்கமும் நாலு மூலையும் நிறைந்து, எண் மேலும் ஒரு சிப் இருந்தால் 135. ஓரத்து எண்ணுக்கு, 16 என்று வையுங்கள், மூன்று ஸ்ப்ளிட், இரண்டு கார்னர்தான். எண் மேல் ஒரு சிப்பையும் சேர்த்தால் அதற்கு 102. இந்த இரண்டும் நினைவில் இருந்தால் இல்லாததைக் கழித்துக்கொள்ளலாம்.

உதாரணம்: 20 விழுந்தது. எண் மேல் 2 சிப், ஸ்ப்ளிட்டுகளில் மொத்தம் 3, கார்னர்களில் மொத்தம் 4. எண்ணுக்கு 70. மூன்று ஜோடிக்கு 75. மிச்சம் ஒரு கார்னருக்கு 8. ஆக 153.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். சிப் ஒன்று 5 டாலர் என்றால் உடனே 765 என்று பெருக்கிவிடாதீர்கள். ஆட்டக்காரர் அடுத்த சுற்றுக்கு நிறச் சிப்பாகவே கொஞ்சம் கேட்பார். இரண்டு அடுக்கு கேட்டால் முதலில் 40-ஐக் கழியுங்கள், மீதி 113. அதன் பிறகுதான் பணமாக மாற்ற வேண்டும். 5 டாலருக்குப் பாதியாக்கிப் பத்தால் பெருக்கினால் 565. இரண்டரை டாலர் சிப் என்றால் நாலில் ஒரு பங்கைப் பத்தால் பெருக்கினால் 282.50. வரிசை மாறினால் தலை சுற்றும்.

பயிற்சிக்கு மொபைல் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை விடையைத்தான் சரிபார்க்கும், கண்ணைப் பழக்காது. கட்டங்களைப் பெரிய தாளில் வரைந்து சாப்பாட்டு மேசையில் விரியுங்கள். வீட்டில் யாரையாவது கண்டபடி சிப் வைக்கச் சொல்லிவிட்டு, தொகையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வேகம் தானாக வரும். நிதானமாகச் சரியாகக் கொடுக்கும் டீலரை ஆட்டக்காரர்கள் குறை சொல்வதில்லை.

பின்சேர்க்கை: பூஜ்யத்தைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். 0 விழுந்தால் மேலே சொன்ன படம் செல்லாது. 1, 2, 3 ஆகியவற்றோடு மூன்று ஸ்ப்ளிட்டுக்கு 51. 0-1-2, 0-2-3 என்ற மூவெண் இடங்கள் இரண்டுக்கும் தலா 11. நான்கு எண்களுக்கும் சேர்த்து வைத்ததற்கு 8. எண் மேல் 35. எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிப் இருந்தால் 116, இதைத் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள். அப்போது சிவப்பு, கறுப்பில் வைத்ததை முழுதாக எடுத்துக்கொள்வதா, பாதியைத் திருப்பிக் கொடுப்பதா என்பது இடத்துக்கு இடம் மாறும். மேசையில் நிற்கும் முன்பே சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.