இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம்: தருமபுரியிலிருந்து புறப்படும் பெண்களுக்கு

விடுமுறையில் பாலக்கோட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருப்பெண் ஒருத்தி அடுத்த மாதம் கணவருடன் இங்கிலாந்து போகிறாள். தலைப்பிரசவம், நான்காம் மாதம். "வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்களாமே, அந்த ஊரில் ஆஸ்பத்திரி இல்லையா?" என்று அவளுடைய மாமியார் என்னிடம் கேட்டார். அவருடைய பயம் நியாயமானது. 2023-இல் போச்சம்பள்ளி அருகே வீட்டில் நடந்த பிரசவத்தில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். நம் பக்கத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி எட்டவில்லை, அல்லது போக மறுத்துவிட்டார்கள் என்றே பொருள்.

அங்கே ஆஸ்பத்திரிதான் வீட்டுக்கு வருகிறது. என் இரண்டாவது மகள் அப்படிப் பிறந்தவள். அரசு மருத்துவத் துறையின் மிட்வைஃப்கள், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், இருவர் வந்தார்கள். வலிக்கு உறிஞ்சும் வாயு உருளை, ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, குழந்தை மூச்சுவிடத் திணறினால் காற்று செலுத்தும் பை எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. பிறந்தவளைத் துணித் தொட்டிலில் இட்டுக் கொக்கித் தராசில் தூக்கினார்கள். சந்தையில் புளி நிறுப்பது நினைவுக்கு வந்தது. முதுகில் போடும் மரப்பு ஊசி மட்டும் வீட்டில் கிடையாது.

போய் இறங்கியதும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். மிட்வைஃபிடம் போக அவருடைய சீட்டு தேவையில்லை, நீங்களே நேராகப் பதியலாம். வீடா, மிட்வைஃப்கள் நடத்தும் மையமா, ஆஸ்பத்திரியா என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். சில விஷயங்களை அவர் எதிரில் நாம் விழுங்கிவிடுவோம்.

தலைப்பிரசவத்துக்கு வீட்டை நான் சொல்லவே மாட்டேன். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளை வைத்து 2011-இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில், முதல் குழந்தையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களிடையே குழந்தைக்குக் கடும் பாதிப்பு ஆயிரத்துக்கு 9 என்ற அளவில் இருந்தது, ஆஸ்பத்திரியில் 5. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. வலியோடு ஆம்புலன்ஸில் போவது லேசான காரியம் அல்ல. அடுத்தடுத்த பிரசவங்களில் மாற்றப்பட்டவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான், குழந்தைக்கான ஆபத்திலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. முன்பு சிசேரியன், ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்றால் எத்தனையாவது பிரசவமானாலும் ஆஸ்பத்திரிதான் நல்லது. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிப்பார்கள். சலித்துக்கொள்ளாமல் போங்கள்.

விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தியவர்களுக்குப் பேறுகாலச் செலவு இல்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பெற்றால் பெருந்தொகை கேட்பார்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அங்கே பிறந்ததாலேயே குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகைச் சீட்டு மூன்றையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொன்னேன். மாமியார் உள்ளே போய் எடுத்துவந்து தாமே வைத்தார்.