ஒரே பால், நான்கு வெப்பநிலை: உறைமோரை வைத்து ஒரு பாக்டீரியா சோதனை

ஃப்ரிட்ஜ் குளிரில் தயிர் பாக்டீரியா அடங்கிக் கிடக்கும், சாகாது. கடும் சூட்டில் செத்துவிடும். தயிர் தோய்கிறதா இல்லையா என்பதை வைத்தே இதைக் கண்ணால் பார்க்கலாம்.

தேவை: அரை லிட்டர் பால், ஐந்து எவர்சில்வர் டம்ளர், முந்தின நாள் தோய்ந்த தயிர், சமையல் தெர்மாமீட்டர், ஒரு ஹாட் பாக்ஸ்.

1. பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். பாலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா மிஞ்சினால் முடிவு குழம்பிவிடும். நான்கு டம்ளர்களில் 100 மி.லி. வீதம் ஊற்றி எண் போடுங்கள்.

2. நான்காம் டம்ளரைச் சுடுநீரில் நிறுத்தி, பாலை 80 டிகிரி செல்சியஸில் வைத்து அரை டீஸ்பூன் தயிர் கலக்குங்கள். அதே சூட்டில் 10 நிமிடம் இருக்கட்டும். சட்டென்று ஆறிவிட்டால் சில பாக்டீரியா தப்பிவிடும். தயிர் புளித்திருந்தால் பால் திரிந்து சிறு துகள்கள் தெரியும். அது தோய்தல் அல்ல.

3. முதல் டம்ளரை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, பிறகு உறை ஊற்றி அங்கேயே வையுங்கள். இரண்டாவதை 30 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்றி மேடையில் விடுங்கள். மூன்றாவதற்கு 42 டிகிரியில் உறை ஊற்றுங்கள். எல்லாவற்றுக்கும் அதே அரை டீஸ்பூன்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பூன்.

4. மூன்றாவதையும், 42 டிகிரிக்கு ஆறிய நான்காவதையும் 45 டிகிரி வெந்நீர் ஊற்றிய ஹாட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மூடுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள்.

ஆறு மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். மூன்றாவது கெட்டியாகத் தோய்ந்திருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் போன்ற தயிர் பாக்டீரியாவுக்கு 42 டிகிரி பிடித்தமான சூடு. அவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம்தான் பால் புரதத்தை உறையவைக்கிறது. இரண்டாவது மெதுவாகத் தோயும், மார்கழியில் இரவு முழுக்க ஆகலாம்.

ஒன்றும் நான்கும் பாலாகவே இருக்கும். பார்க்க ஒரே மாதிரிதான், காரணம் வேறு. அதைப் பிரித்துக் காட்டும் படி இது:

5. முதல் டம்ளரை ஹாட் பாக்ஸுக்கு மாற்றுங்கள். நான்காவதில் பாதியை ஐந்தாம் டம்ளரில் ஊற்றி, புதிதாக உறை ஊற்றி, இரண்டையும் உள்ளே வையுங்கள்.

அடுத்த ஆறேழு மணி நேரத்தில் முதலாவது தோய்ந்துவிடும்; குளிரில் அடங்கியிருந்தவை சூடு கிடைத்ததும் வேலையைத் தொடங்குகின்றன. ஐந்தாவதும் தோயும், ஆகவே பாலில் குறையில்லை. நான்காவது தோயாது. 80 டிகிரியில் பாக்டீரியாவின் புரதங்கள் உருக்குலைந்துவிட்டன, பிறகு இதமான சூட்டில் வைத்தாலும் அவை திரும்பாது. பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதும் இந்த அடிப்படையில்தான்.

நான்கையும் ஐந்தையும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பேசில்லஸ் செரியஸ் போன்ற, வயிற்றைக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் (உறங்குநிலை வடிவம்) கொதியையும் தாங்கும். தடுக்க அமிலம் இல்லாத வெதுவெதுப்பான பாலில் அவை முளைத்துப் பெருகும்.

நான்காவது தோய்ந்துவிட்டதா? பெரும்பாலும் ஸ்பூன் மாறியிருக்கும், அல்லது பால் 55 டிகிரி அளவில் இருக்கும்போதே உறை ஊற்றியிருப்பீர்கள். மூன்றாவது தோயவில்லையா? பால் ஆறுமுன் உறை ஊற்றப்பட்டிருக்கும், இல்லையென்றால் ஹாட் பாக்ஸ் தண்ணீர் ஆறிப்போயிருக்கும்.