குருப்பட்டத்துக்கு முன் திருவுடை வாங்குவது எப்படி

கத்தோலிக்கக் குருவாகப் பட்டம் பெறும் தேதி முடிவானதும் பலருடைய கண் முதலில் போவது பூசையில் எல்லாவற்றுக்கும் மேலே அணியும், ஜரிகை வேலை செய்த சாசுபிள் மீதுதான். ஆனால் முதலில் வாங்க வேண்டியது ஆல்ப் என்கிற வெள்ளை நீளங்கி. சாசுபிள் எந்தக் கோயிலின் திருவுடை அறையிலும் இருக்கும். சற்றுப் பெரிதாக இருந்தாலும் சமாளிக்கலாம். பொருந்தாத ஆல்ப் பூசைக்குப் பூசை காலைத் தட்டும். பீடப்பணியாளர்களும் ஆல்ப் அணியலாம் என்பதால் பட்டத்துக்கு முன்பே அதை உடுத்திப் பழகலாம். தோளில் அணியும் நீண்ட பட்டைத்துணியான ஸ்டோல் அப்படியல்ல, குருவுக்கு முந்தைய நிலையான திருத்தொண்டராகும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன் மறைமாவட்டத்திலோ குருமடத்திலோ விசாரியுங்கள். பலர் சேர்ந்து பட்டம் பெறும்போது ஒரே மாதிரி சாசுபிளுக்கு அவர்களே ஏற்பாடு செய்வது உண்டு. தனியாக வாங்கியது அன்று பயன்படாமல் போகும்.

ஆல்புக்கு அளவெடுக்கும்போது பூசைக்குப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். பின்கழுத்தின் அடியெலும்பிலிருந்து கணுக்கால் வரை நீளம். அதே இடத்திலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை கை அளவு. இதைக் கையைச் சற்று மடக்கி எடுங்கள். இடைக்கச்சை கட்டினால் துணி மேலே இழுபடும், விளிம்பு சில செ.மீ. ஏறும். கச்சையில்லாமல் அளவெடுத்துத் தைத்த ஆல்ப் பூசையில் குட்டையாகத் தெரிவது இதனால்தான். பருத்தியும் லினனும் சுருங்கும். ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே கீழ் மடிப்பைத் தைக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய பாலியெஸ்டர் ஆல்புக்குள் கறுப்பு பேன்ட் அப்படியே தெரியும். பட்டச் சடங்கில் மன்றாட்டுமாலையின்போது முகங்குப்புறக் கிடக்கையில் பின்னால் இருக்கும் சபை முழுவதும் அதைப் பார்க்கும்! துணிக்கு அடியில் உள்ளங்கையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல்கள் பிரிந்து தெரிந்தால் வேண்டாம். வாங்குமுன் முழங்காலிட்டு எழுந்து, கைகளை விரித்து உயர்த்திப் பாருங்கள். எழும்போது முன்விளிம்பை மிதித்தால் நீளம் அதிகம். ஆல்பின் கழுத்து உள்சட்டைக் காலரை மறைக்காவிட்டால் அமிஸ் என்னும் கழுத்துத்துணியும் தேவை. இடைக்கச்சை இரண்டாக மடித்துக் கட்டுவது. சுமார் 4 மீட்டர் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

ஸ்டோலில் முதலில் வெள்ளை, பிறகு ஊதா, பச்சை, சிவப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம், பாவமன்னிப்புக்கான ஒப்புரவு என்று ஊதாவுக்கு வேலை அதிகம். தவக்காலத்தின் 4ஆம் ஞாயிறுக்கும் திருவருகைக்காலத்தின் 3ஆம் ஞாயிறுக்கும் உரிய ரோஜா நிறம் கட்டாயமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருத்தொண்டர் ஸ்டோலை இடத்தோளிலிருந்து குறுக்காக வலப்பக்கம் கொண்டுவந்து பிணைப்பார். குருவுக்குக் கழுத்திலிருந்து இருபுறமும் நேராகத் தொங்கும். நடுவில் வளைத்துத் தைக்காத நேர் ஸ்டோலை இரண்டு விதமாகவும் அணியலாம். ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் ஊதா என்ற சிறிய ஸ்டோல் நோயாளர் சந்திப்புக்கு உதவும். நடுத்துணி வைக்காவிட்டால் மறுபுற நிறம் வெள்ளையில் நிழலாடும்.

சாசுபிள் சொந்தமாக வாங்குவதானால் துவைக்கக்கூடிய துணியே நல்லது. பட்டச் சடங்கில் சாசுபிள் அணிவித்த பிறகுதான் உள்ளங்கைகளில் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயைப் பூசுகிறார்கள். அந்த எண்ணெய் கைவிளிம்பில் பட்டால் பட்டிலும் வெல்வெட்டிலும் கறை எளிதில் போகாது. வெளித்துணியும் உள்துணியும் வெவ்வேறு ரகமானால் முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றது உப்பும். இரண்டின் துவைப்பு முறையும் ஒன்றுதானா என்று கேளுங்கள். கனத்த பூவேலை முன்பக்கம் மட்டும் இருந்தால் உடை முன்னால் சரிந்து கழுத்தைப் பிடிக்கும். கழுத்துத் திறப்பு தலைக்குள் எளிதாகப் போகிறதா, காலர் மைக் தங்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைப்பூவேலை என்றால் பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். தேதியைத் துணியில் தைப்பதை மட்டும் ஆயரின் அழைப்பு எழுத்தில் வரும்வரை தள்ளிப்போடுங்கள். பெயரை ஆல்பின் உட்கழுத்திலும் கச்சையின் நுனியிலும் இப்போதே தைத்துவிடலாம். பல குருக்கள் சேர்ந்து நிறைவேற்றும் கூட்டுத் திருப்பலி முடிந்ததும் திருவுடை அறையில் குவியும் வெள்ளைக் குவியலில் வேறு அடையாளம் கிடைக்காது.