வளவில் பழைய காசு கிடைத்தால் என்ன செய்வது? யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு செய்முறை

கிணறு இறைக்க வாய்க்கால் வெட்டும்போது, அத்திவாரம் தோண்டும்போது, ஒரு பெருமழைக்குப் பிறகு ஒழுங்கையில் நடக்கும்போது எங்கள் ஊர்களில் பழைய காசு கண்ணில் படுவது புதுமையல்ல. எனக்கும் அப்படி ஒரு ஒல்லாந்தர் செப்புக்காசு கிடைத்து, அதை முறைப்படி அறிவித்து முடித்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். நிலத்துக்குள் கிடைத்த, உரிமையாளர் தெரியாத தொல்பொருள் அரசுக்குரியது. காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குச் சொந்தக் காணியிலும் அனுமதி வேண்டும். தற்செயலாகக் கிடைத்தால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

படி 1: கையை எடுங்கள். துருப்பிடித்த இரும்பு, உருண்டை, குழாய் என்று எதைக் கண்டாலும் தொடாமல் பின்வாங்கிப் பொலிசின் 119க்குச் சொல்லுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவதற்கு எத்தனை ஆண்டுகள் எடுத்தன என்பது எல்லாருக்கும் தெரியும். மெட்டல் டிடெக்டர் வாங்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். போர் நடந்த மண்ணில் அது காசைவிடச் சன்னத்துக்கும் ஷெல் துண்டுக்கும்தான் அதிகம் கத்தும். அதை நம்பி ஒரு குழி வெட்டுவது உயிருக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் பிழை.

படி 2: கழுவாதீர்கள். புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் இருக்கும் பச்சைப் படைதான் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தேய்த்தால் காசு மினுங்கும், எழுத்து போய்விடும். சிறிய கடதாசி உறையில் போடுங்கள். பொலித்தீன் பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் கரையும்.

படி 3: இடத்தை அளந்து எழுதுங்கள். நான் அதிகம் மினக்கெட்டது இதில்தான். “எங்கே, எவ்வளவு ஆழத்தில்?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். போன் வரைபடத்தில் குத்திய புள்ளி போதாது. பனைமரங்களுக்கும் மதிலுக்கும் நடுவில் அது பல மீற்றர் தள்ளிக் காட்டும். இரண்டு பரப்பு வளவில் பத்து மீற்றர் பிசகினால் பக்கத்து வளவில் நிற்பீர்கள்.

மேசன்மார் பாவிக்கிற அளவு நாடா ஒன்று போதும். அசையாத இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். கிணற்றுக் கட்டின் ஒரு மூலை, வீட்டின் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலிருந்தும் காசு கிடந்த இடத்துக்கு உள்ள தூரத்தை அளந்து குறியுங்கள். கதியால் வேலியை அடையாளமாக வைக்க வேண்டாம், பட்டுப்போன கதியாலை மாற்றி நடும்போது இடம் நகர்ந்துவிடும். அப்புறம் தரை மட்டத்திலிருந்து ஆழம், மண்ணின் நிறம், கூடக் கிடந்த ஓட்டுத்துண்டு, சிப்பி, கரி எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இவ்வளவும் ஏன்? 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபோது பிராமி என்ற பழைய எழுத்துள்ள முத்திரை ஒன்று கிடைத்தது. அது எந்தப் புதைகுழியில், எவற்றோடு இருந்தது என்பது தெரிந்ததால்தான் இன்றும் அதை வைத்து வரலாறு பேசமுடிகிறது. அதே முத்திரை ஒரு பழஞ்சாமான் கடையில் கிடைத்திருந்தால் எங்கள் ஆதிக்குடிகளைப் பற்றி அது என்ன சொல்லியிருக்கும்?

படி 4: படம். காலை வெயில் சரிந்து விழும்போது, பக்கத்தில் அடிமட்டம் வைத்து இரண்டு பக்கமும் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், எழுத்து தட்டையாகிவிடும். எருதும் “சேது” என்ற எழுத்தும் தெரிந்தால் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. வி, ஓ, சி என்ற ஆங்கில எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி, கீழே ஆண்டு இருந்தால் ஒல்லாந்தக் கம்பனியின் காசு. 1795இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்துவிட்டார்கள். ஆகவே அந்த முத்திரை உள்ள காசு கிடைத்தால், 1815 எல்லைக்குள் அடங்கக்கூடியது என்று எடுத்துக்கொண்டு அறிவியுங்கள்.

படி 5: அறிவித்தல். தொல்பொருள் திணைக்களத்துக்கு, மாவட்டச் செயலகத்துக்கு அல்லது பக்கத்துப் பொலிசுக்கு எழுத்தில் கொடுங்கள். விதானையாரிடமும் (கிராம அலுவலர்) ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கடிதம் தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியும் ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் வாய்ச்சொல்லோடு அனுப்பப் பார்த்தார்கள். பணிவாக நின்று, ஒப்பம் வாங்கிய பிறகே வந்தேன். காசைக் கையளித்தால் அதற்குத் தனிப் பற்றுச்சீட்டு கேளுங்கள், நிறையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நகைக்கடையில் நிறுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர் தன் வளவு ரிப்பர் லொறியில் ஏற்றிவந்த மண் போட்டு உயர்த்தியது என்று எழுதியிருந்தார். மிக முக்கியமான விசயம். அப்படியானால் காசு வேறு ஊரிலிருந்து வந்திருக்கும். கந்தரோடைப் பக்கத்துச் செம்பாட்டு மண் வேறோர் ஊர் வளவில் கிடந்தால், அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பிழையான கதைதான் வரும். மண் எங்கே ஏற்றியது என்று ரிப்பர்காரரிடம் கேட்டுக் கடிதத்தில் சேருங்கள்.

இன்னொருவர் கேட்டது: அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்த காசுகளைக் கனடாவுக்குக் கொண்டுபோகலாமா? குடும்பச் சொத்தானாலும் தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச்செல்லத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் திரும்பும் நேரத்தில் அவசரப்படாமல், வந்தவுடனேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.