அந்தோராவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: விசா ஸ்டிக்கரில் ஒரு 01

போன மாதம் பிரான்சில் உள்ள துலூஸ் பஸ் நிலையத்தில் இரண்டு பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "மச்சி, அங்க பெர்ஃப்யூம் எல்லாம் பாதி விலையாம்டா" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்ததால் நானும் நின்றேன். கோயம்புத்தூர்க்காரர்கள். பதினைந்து நாள் லீவில் ஐரோப்பாவைச் சுற்ற வந்தவர்கள், அந்தோரா பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. "தம்பி, விசா ஸ்டிக்கரைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். முன்பின் தெரியாத ஆள் பாஸ்போர்ட்டைக் கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார்கள். அப்புறம் காட்டினார்கள். என்ட்ரி எண்ணிக்கை என்ற இடத்தில் ஒருவனுக்கு 'மல்ட்' என்று இருந்தது, பல தடவை நுழையலாம். இன்னொருவனுக்கு 01, ஒரே ஒரு தடவைதான்.

அந்த 01-ஐப் பார்த்ததும் எனக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

நான் துலூஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தோராவைக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். இருபது தடவைக்கு மேல் போய் வந்தாயிற்று. குளிருக்கு ஜாக்கெட், நல்ல ஷூ, மாத்திரை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

சிங்கிள் என்ட்ரி விசாவோடு மலை ஏறுவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தோரா பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலைக்குள் இருக்கிற நாடு. பரப்பளவு 468 சதுர கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது, ரயில் கிடையாது. ஆனால் செலவாகிற பணம் யூரோ. நாட்டுக்கு இரண்டு இளவரசர்கள் உண்டு, அதில் ஒருவர் பிரெஞ்சு அதிபர்! மற்றவர் ஸ்பெயின் பக்கத்து உர்ஜெல் பிஷப். 1278-இல் போட்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சி இது. இவ்வளவையும் பார்க்கிற யாருக்கும் இதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மூலை என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. அந்தோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனிலும் இல்லை.

அப்படியென்றால் அந்தோராவுக்குள் கால் வைத்த நிமிடம் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். சிங்கிள் என்ட்ரி விசா என்றால் அதன் கதை அங்கேயே முடிந்தது. ஸ்டிக்கரில் இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தாலும் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது.

வேறு நாடாக இருந்தால் அங்கிருந்தே நேராக ஊருக்கு விமானம் ஏறிவிடலாம். இங்கே விமானமே இல்லையே. நல்ல சாலையோடு இருக்கிற வாசல்கள் இரண்டு. தெற்கே ஸ்பெயின், வடகிழக்கே பிரான்ஸ். இரண்டுமே ஷெங்கன். உள்ளே போனவர் வெளியே வர வேண்டுமென்றால் விசா கையில் உயிரோடு இருக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்ட கதை இதுதான். அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். பார்சிலோனாவில் மூன்று வாரப் பணிக்காக நானும் ஆபீஸ் நண்பர்கள் இருவரும் வந்திருந்தோம். டிக்கெட், விசா எல்லாம் போட்டுக் கொடுத்த ஏஜென்டிடம் கிளம்பும் முன்பே கேட்டேன். "நடுவுலதானே சார் இருக்கு, அந்தோராவுக்குத் தனியா விசா எதுவும் வேண்டாம்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தோரா நம்மிடம் விசா கேட்பதில்லை. திரும்பி வருவதற்கு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசி வார இறுதியில், சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். எல்லையில் பஸ் நிற்கக்கூட இல்லை. 'பார், எவனும் கேட்கலை' என்று சிரித்துக்கொண்டோம். இரவு அங்கே தங்கிவிட்டு ஞாயிறு மதியம் திரும்பினோம். அன்று இரவு பத்து மணிக்குப் பார்சிலோனாவிலிருந்து விமானம். திரும்பும்போது எல்லைச் சாவடியில் பஸ்ஸை ஓரம் கட்டினார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடுவது சிகரெட்டையும் மதுவையும். பைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பக்கம் புரட்டினார். ஸ்டிக்கரில் விரலை வைத்து "ஊனோ" என்றார். ஸ்பானிஷில் ஒன்று. எனக்குத் தெரிந்த பத்து ஸ்பானிஷ் வார்த்தைகளில் அதுவும் உண்டு.

எங்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு பஸ் போய்விட்டது. அந்த அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஸ்பெயின் தூதரகத்துக்குப் போய்க் கேளுங்கள் என்றார்கள். தூதரகம் அந்தோரா தலைநகரிலேயே இருக்கிறது, சரிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை யார் கதவைத் திறப்பார்கள்? கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்தார். அன்றிரவு ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், நன்றாகத் திட்டிவிட்டுப் போகச் சொன்னார். டாக்சி பிடித்து ஸ்பெயின் பக்கத்து ஊரான லா சேயு துர்ஜெல் போய், அடுத்த பஸ்ஸில் பார்சிலோனா வந்து சேர்ந்தபோது விமானம் கடலைத் தாண்டியிருக்கும். மறுநாள் புது டிக்கெட்டுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. ஆபீஸ் ஒரு பைசா தரவில்லை. தந்திருக்கவும் கூடாது.

விட்டார்களே என்று நினைக்காதீர்கள். அது அந்த மனிதரின் அன்றைய மனநிலை. விடாமல் இருக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. 'நான் போயிட்டு வந்தேன், யாரும் செக் பண்ணலை' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். சோதனை இல்லாத பத்து பஸ்களில் ஒன்றில் அவர்கள் வந்திருப்பார்கள். பதினோராவது பஸ்ஸில் நீங்கள் இருப்பீர்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஷெங்கன் விண்ணப்பத்திலேயே எத்தனை முறை நுழைய வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது. அதில் மல்டிபிளை டிக் செய்யுங்கள். டிக் மட்டும் போதாது, காரணமும் காட்ட வேண்டும். பயணத் திட்டத்தில் அந்தோரா நாட்களைத் தனியாக எழுதுங்கள், அங்கே தங்கும் ஹோட்டல் பதிவையும் பஸ் பதிவையும் இணையுங்கள், 'இந்தத் தேதியில் ஸ்பெயினிலிருந்து அந்தோரா சென்று இந்தத் தேதியில் ஷெங்கனுக்குத் திரும்புகிறேன்' என்று கவரிங் லெட்டரில் ஒரு வரி சேருங்கள். அப்படியும் 02 மட்டும் கொடுத்தால் பரவாயில்லை, முதல் நுழைவு ஒன்று, அந்தோராவிலிருந்து திரும்புவது ஒன்று, கணக்கு சரியாகிவிடும். அதே பயணத்தில் லண்டனுக்கும் ஒரு நடை என்றால் பத்தாது. 01 வந்துவிட்டால் அந்தோராவை அடுத்த தடவைக்கு வையுங்கள். பிரனீஸ் எங்கும் போய்விடாது.

பிரான்சிலோ ஸ்பெயினிலோ வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். பாரிஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனில் போட்டோவைக் காட்டினார். அன்றைக்கு எனக்கு வியர்த்தது.

அந்தோராவில் கேட்டால் ஒழிய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எனவே அங்கே இருந்த நாட்களை, ஷெங்கனில் தங்க அனுமதிக்கிற 90 நாள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று கோட்டை கட்ட வேண்டாம். எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

இன்சூரன்ஸில் நாட்டின் பெயரைப் பார்க்காமல் இருப்பது

விசாவுக்காக எடுக்கும் பாலிசி பெரும்பாலும் ஷெங்கன் நாடுகளுக்கானது. அதில் அந்தோரா இருக்கிறதா என்று படியுங்கள். பனிச்சறுக்கு ஆசை இருந்தால் அது பாலிசியில் வருமா என்றும் பாருங்கள். மலையிலிருந்து காலுடைந்தவரை இறக்கும் பில் சாதாரணமாக இருக்காது.

ஸ்டேஷன் பெயரை நம்புவது

துலூஸிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் 'அந்தோர் – லோஸ்பிதாலே' என்று ஒரு நிலையம் உண்டு. பெயரில் அந்தோரா இருக்கிறதே என்று இறங்குகிறார்கள். இறங்குவது பிரான்சில்தான். எல்லைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மலையேற்றம், தலைநகர் அதற்கும் அப்பால். பஸ் உண்டு, ஆனால் உங்கள் ரயிலுக்காக அது காத்திருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. இரண்டின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ரயிலில் ஏறுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் துலூஸிலிருந்தோ பார்சிலோனாவிலிருந்தோ நேர் பஸ்தான் சொல்வேன். இரண்டு பக்கமிருந்தும் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

'அந்தோரா ஏர்போர்ட்' என்று தேடுவது

வரும். அது ஸ்பெயினில் இருக்கிறது.

எல்லையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, லா சேயு துர்ஜெல் பக்கம். மாட்ரிட்டிலிருந்து வாரத்தில் சில நாள் சின்ன விமானம். மேகம் இறங்கினால் அதுவும் சந்தேகம்.

திரும்பும் நாளிலேயே விமானம்

என் கதையைப் படித்த பிறகும் செய்வீர்களா? விசா சரியாக இருந்தாலும் சாலை சரியாக இருக்க வேண்டுமே. குளிர்காலத்தில் பனி, மழைக்குப் பின் பாறைச் சரிவு, ஞாயிறு மாலையில் பனிச்சறுக்கு முடித்துத் திரும்பும் கார்களின் வரிசை. மாற்றுச் சாலை என்று ஒன்று இல்லாத நாடு. ஒரு இரவு பார்சிலோனாவிலோ துலூஸிலோ தங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

கோடைக்காலக் காரோடு குளிர்காலத்தில்

பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்தால் எல்லையூரான பாஸ் தெ லா காசாவைத் தாண்டி என்வலிரா கணவாய், உயரம் 2,408 மீட்டர். 2002-இல் திறந்த சுரங்கச் சாலை இருக்கிறது, கட்டணம் உண்டு. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று டிசம்பரில் கணவாய் மேல் போன நண்பர் ஒருவர், பின்னால் வந்த பனி அகற்றும் வண்டியை விடாமல் கும்பிட்டபடி இறங்கினார். நவம்பர் 1 முதல் மே 15 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ காரில் இருக்க வேண்டும் என்பது அந்தோரா விதி. வாடகைக் காரென்றால், அந்தோராவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சங்கிலியைக் கேட்டு வாங்குவதோடு, மாட்டுவது எப்படி என்பதையும் கீழேயே பழகிக்கொள்ளுங்கள். மேலே விரல் மரத்துப் போன பிறகு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

போன்

எல்லைக்கு முன்பே டேட்டாவை அணையுங்கள். ஐரோப்பிய ரோமிங் இங்கே செல்லாது.

கடைத்தெருவோடு திரும்பி வருவது

பார்சிலோனாவிலிருந்து ஒரே நாளில் போய் வருபவர்கள் ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, தலைநகரின் மெரிச்செல் அவென்யூவில் பெர்ஃப்யூம் வாங்கிவிட்டு, 'அந்தோராவில் ஒன்றுமில்லை' என்று வந்து சொல்வார்கள். நாட்டின் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிற மாத்ரியு பள்ளத்தாக்குக்குள் கார் சாலையே கிடையாது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பழைய கல் மேய்ச்சல் குடில்கள், ஓடைச் சத்தம், நடந்தால் மட்டுமே கிடைக்கிற நிழல். குறைந்தது இரண்டு இரவு தங்க முடியாதென்றால் போகாமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

வாங்கத்தான் போகிறேன் என்றால் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது பெரியவர் ஒருவருக்கு 300 சிகரெட், கடும் மது ஒன்றரை லிட்டர், கேமரா, துணிமணி போன்ற பொருட்கள் 900 யூரோ வரை. அதற்கு மேல் கொண்டுவந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

தபால்

அந்தோராவில் ஸ்பெயின் தபாலும் பிரெஞ்சுத் தபாலும் அருகருகே நடக்கின்றன. உள்நாட்டுக்குள் கடிதத்துக்குக் காசே இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப ஸ்டாம்ப் வாங்கினால், எந்தத் தபாலின் ஸ்டாம்போ அந்தத் தபாலின் பெட்டியில் போட வேண்டும்.

அந்த 01 பையனை அன்று பஸ் ஏற விடவில்லை. டிக்கெட் பணம் போனது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். மாலையில் நம் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டதும் சரியாகிவிட்டான். மற்றவன் போனான். "அண்ணா, உங்களுக்கு அங்கிருந்து ஒரு போஸ்ட்கார்டு போடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மாதமாகிறது, இன்னும் வரவில்லை. எந்தப் பெட்டியில் போட்டான் என்று கேட்க வேண்டும்.