கனடா போகிறீர்களா? மிக்ஸியைத் திருப்பிப் பாருங்கள்

பெட்டி கட்டும் முன் மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், தயவுசெய்து ஊரிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கனடாவில் (அமெரிக்காவிலும்தான்) வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மிக்ஸி சுற்றும், ஆனால் சோர்ந்துபோய்ச் சுற்றும். ஊறவைத்த உளுந்தைப் போட்டதும் பிளேடு திணறி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் மிக்ஸியின் வாட்டைப்போல் இரு மடங்காவது தாங்கக்கூடியது வேண்டும். அது கல்லுபோல் கனக்கும், சமையல் மேடையில் இடத்தையும் அடைக்கும். அதற்குப் பதில் 110 வோல்ட் என்று விற்கும் மிக்ஸியே வாங்கிவிடுங்கள் (அங்குள்ள 120 வோல்ட்டிலும் அது ஓடும்). சென்னையில் சில கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று இருக்கும். பிளக்கின் பின்னை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும்.

சரி, மாவு அரைத்தாயிற்று, அப்புறம் குளிரில் எப்படிப் புளிக்கும்? ஓவனைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை இரவு முழுக்க வையுங்கள். விளக்கு குண்டு பல்பாக இருந்தால் அந்த வெதுவெதுப்பே போதும். தெரியாமல் யாரும் ஓவனைப் போட்டுவிடாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.